எத்தனையாவது ஜென்? பிராசசர் தலைமுறைகளை ஒப்பிடுவது ஏன் இவ்வளவு குழப்பம்

இன்டெல்லின் இரண்டு லேப்டாப் பிராசசர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2016-இல் வந்த கோர் ஐ7-7500யூ. அடிப்படை வேகம் 2.7 கிகாஹெர்ட்ஸ். இன்னொன்று, அடுத்த ஆண்டு வந்த கோர் ஐ5-8250யூ. அதன் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ்தான். இரண்டுமே 15 வாட் வகை. விளம்பரத் தாளை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் ஐ7-ஐத்தான் எடுப்பார். ஆனால் நீளமான ஒரு வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றச் சொன்னால் முதலில் முடிப்பது ஐ5. அதில் நான்கு கோர்கள் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகள்), ஐ7-இல் இரண்டே இரண்டு. சரி, ஒரே கோரில் ஓடும் வேலையைக் கொடுத்தால்? இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்து சேரும். ஏனென்றால் ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் நடுவில் கோரின் உள்வடிவமைப்பு மாறவே இல்லை.

ஆக, எட்டாம் தலைமுறை ஏழாவதைவிட வேகமா என்று கேட்டால் ‘ஆமாம், நிறையவே’ என்பதும் சரி, ‘இல்லை, அதேதான்’ என்பதும் சரி. பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ‘எத்தனையாவது ஜென்?’ என்றுதான். ஜென் என்றால் ஜெனரேஷன், அதாவது தலைமுறை. அந்த எண்ணுக்குப் பதிலாக, கூடுதல் வேகம் எந்த வழியில் வந்தது என்று கேட்டால் ஒப்பீடு கொஞ்சம் பிடிபடும். அந்த வழி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. வழி மாறும்போதெல்லாம், தயாரிப்பாளர்கள் நம் கையில் கொடுக்கும் அளவுகோலும் சேர்ந்து மாறியிருக்கிறது.

அடிப்படைக் கணக்கு எளிதானது. ஒரு புரோகிராம் ஓடி முடிய ஆகும் நேரம் மூன்று எண்களின் பெருக்கல்: மொத்தம் எத்தனை கட்டளைகள், ஒரு கட்டளைக்குச் சராசரியாக எத்தனை கிளாக் சுற்றுகள் (பிராசசரின் உள்கடிகாரத் துடிப்புகள்), ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம். கிகாஹெர்ட்ஸ் என்பது மூன்றாவது எண்ணைத் தலைகீழாகச் சொல்வது. இரண்டாவதைத் தலைகீழாகச் சொன்னால், ஒரு சுற்றில் எத்தனை கட்டளைகள் முடிகின்றன என்ற கணக்கு வரும். அதைத்தான் ஐபிசி என்கிறார்கள். முதலாவது எண் பிராசசரின் கட்டளைத் தொகுப்பையும், நாம் எழுதும் நிரலை அந்தக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரையும் பொறுத்தது. மூன்றில் ஒன்றை மட்டும் சொல்லி வேகத்தை ஒப்பிடுவது, நீளத்தை மட்டும் சொல்லி மனையின் பரப்பை ஒப்பிடுவது மாதிரி. ஆனால் விளம்பரங்கள் பல ஆண்டுகள் செய்தது அதைத்தான்.

ஆரம்ப காலத்தில் அதனால் பெரிய தப்பு வரவில்லை, ஏனென்றால் எல்லாமே ஒன்றாக ஏறின. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்த 8088 ஓடியது 4.77 மெகாஹெர்ட்ஸில். ஒரு கட்டளைக்கே பல சுற்றுகள் எடுத்துக்கொண்ட பிராசசர் அது. 1982-இல் 286, 1985-இல் 386. 1989-இல் வந்த 486, ஒரு கட்டளை முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கும் பைப்லைன் முறையில் வேலை செய்தது, அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்திருக்கும் சிறிய வேக நினைவகமான கேஷும் அதே சிப்புக்குள் வந்தது. எளிய கட்டளைகளைச் சுற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் முடிக்க அதனால் முடிந்தது. 1993-இன் பென்டியம் ஒரே சுற்றில் இரண்டு கட்டளைகளைத் தொடங்கியது. 1995-இன் பென்டியம் ப்ரோ கட்டளைகளை எழுதப்பட்ட வரிசையில் செய்யாமல், எது தயாராக இருக்கிறதோ அதை முதலில் செய்தது. இத்தனைக்கும் நடுவில் கிளாக் வேகமும் 5 மெகாஹெர்ட்ஸிலிருந்து 200-க்கு ஏறிவிட்டது.

அந்தப் பென்டியம் ப்ரோவிலேயே ஒரு எச்சரிக்கை இருந்தது. 32 பிட் மென்பொருளில் அது பறந்தது. பழைய 16 பிட் நிரல்கள் நிறைய கலந்திருந்த விண்டோஸ் 95-இலோ, அதே கிளாக் வேகத்தில் ஓடிய சாதா பென்டியத்தைக்கூட அதனால் தெளிவாக மிஞ்ச முடியவில்லை. புதிய தலைமுறை எந்த மென்பொருளை மனதில் வைத்துச் செய்யப்பட்டதோ, அதில்தான் அது புதிய தலைமுறை.

கணினிக் கட்டமைப்புத் துறையின் பெரியவர்களான ஜான் ஹென்னசியும் டேவிட் பேட்டர்சனும் இந்த வளர்ச்சியைக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1986 முதல் 2003 வரை பிராசசர் வேகம் ஆண்டுக்குச் சுமார் 52 சதவீதம் ஏறியது. அதாவது ஏறத்தாழ 20 மாதத்தில் இரட்டிப்பு. 2003-க்குப் பின் 2011 வரை 23 சதவீதம், அதன்பின் 2015 வரை 12 சதவீதம். 2015-க்குப் பிறகான சில ஆண்டுகளில் வெறும் 3.5 சதவீதம். அந்த வேகத்தில் போனால் இரட்டிப்பாக 20 ஆண்டுகள் ஆகும். 20 மாதம் எப்படி 20 ஆண்டானது என்பதில்தான் தலைமுறை ஒப்பீட்டின் முழுக் கதையும் இருக்கிறது.

கிகாஹெர்ட்ஸ் பொய்யான காலம்

1974-இல் ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டும் சகாக்களும் ஒரு விஷயத்தை விளக்கினார்கள். சிப்பில் உள்ள நுண்ணிய மின் சுவிட்சான டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் உண்டாகும் சூடு மாறாது. டிரான்சிஸ்டர் மட்டும் வேகமாகிவிடும். சிப்பில் டிரான்சிஸ்டர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும் என்று இன்டெல்லின் நிறுவனர்களில் ஒருவரான கோர்டன் மூர் சொன்ன கணிப்பு எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிளாக் வேகத்தைத் தூக்கிவிட்டது டெனார்டின் விதி. மூருக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட டெனார்டுக்குக் கிடைக்கவில்லை.

இந்த விதியை நம்பி 2000-ஆம் ஆண்டில் ஒரு ஓட்டப்பந்தயம் நடந்தது. மார்ச் 6-ஆம் தேதி இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸ் அத்லான் பிராசசரை அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெல் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அறிவித்தது. அவசரத்தின் விலை ஆகஸ்டில் தெரிந்தது: 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 நிலையாக ஓடவில்லை என்று இன்டெல் அதைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. நவம்பரில் பென்டியம் 4 வந்தது, 1.4 மற்றும் 1.5 கிகாஹெர்ட்ஸில்.

பென்டியம் 4-இன் வடிவமைப்பே கிளாக் வேகத்துக்காகச் செய்யப்பட்டது. கட்டளையை நிறைவேற்றும் பைப்லைனை 20 கட்டங்களாகப் பிரித்தார்கள். முந்தைய தலைமுறையில் அது ஏறத்தாழ பாதிதான். ஒவ்வொரு கட்டத்திலும் வேலை குறைவு என்பதால் சுற்றைச் சீக்கிரம் முடிக்கலாம், கிகாஹெர்ட்ஸ் ஏறும். ஆனால் புரோகிராம்களில் ‘இப்படியானால் இந்தப் பக்கம் போ, இல்லையென்றால் அந்தப் பக்கம்’ என்ற கிளைகள் அடிக்கடி வரும். எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே ஊகித்துத்தான் பிராசசர் அடுத்தடுத்த கட்டளைகளை உள்ளே விடுகிறது. ஊகம் தவறியது தெரியவரும்போது, நடுவில் இருக்கும் அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பைப்லைன் எவ்வளவு நீளமோ அவ்வளவு சேதம்.

விளைவு: சில சோதனைகளில் 1.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-இடமே தோற்றது. 40 சதவீதம் அதிக கிளாக், புத்தம்புதுத் தலைமுறை, ஆனாலும் பழையதைவிட மெதுவாக. ஏஎம்டி இதைப் பிடித்துக்கொண்டது. 2001 அக்டோபரில் வந்த அத்லான் எக்ஸ்பியின் பெயரில் கிகாஹெர்ட்ஸே கிடையாது. 1800+ என்று பெயர் வைத்த சிப் உண்மையில் ஓடியது 1.53 கிகாஹெர்ட்ஸில். அந்த எண் தன்னுடைய பழைய அத்லானோடு செய்த ஒப்பீடு என்று நிறுவனம் சொன்னது. கடையில் யாரும் அப்படிப் படிக்கவில்லை, 1.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-க்குச் சமம் என்றே படித்தார்கள். அப்படிப் படிக்க வேண்டும் என்றுதான் அந்தப் பெயரே வைக்கப்பட்டது என்பது என் கணிப்பு.

2004 பிப்ரவரியில் பிரெஸ்காட் என்ற அடுத்த பென்டியம் 4 வந்தபோது பைப்லைன் 31 கட்டங்களுக்கு நீண்டுவிட்டது. டிரான்சிஸ்டரின் அளவைக் குறிக்கும் தயாரிப்பு முறை 130 நானோமீட்டரிலிருந்து 90-க்கு இறங்கியது. டெனார்டின் கணக்குப்படி சூடு ஏறியிருக்கக் கூடாது, ஆனால் ஏறியது. டிரான்சிஸ்டர்கள் அத்தனை சிறிதானபோது அணைத்து வைத்தாலும் மின்சாரம் கசிந்தது. கசிவுக்குப் பயந்து மின்னழுத்தத்தைக் குறைக்க முடியவில்லை, மின்னழுத்தம் குறையாததால் விதி வேலை செய்யவில்லை. அந்த ஆண்டே இன்டெல் பென்டியம் 4-இன் வாரிசாகத் திட்டமிட்டிருந்த டெஜாஸைக் கைவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐயும் அக்டோபரில் ரத்து செய்தது. அதே மாதம் ஒரு மாநாட்டு மேடையில் இன்டெல்லின் தலைமைச் செயல் அதிகாரி கிரெய்க் பேரட், அந்த 4 கிகாஹெர்ட்ஸுக்காகப் பாதி விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். பென்டியம் 4 கடைசிவரை 3.8-ஐத் தாண்டவில்லை.

இதற்கிடையில் இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழு லேப்டாப்புக்காக வேறொரு பாதையில் போயிருந்தது. 2003-இல் வெளிவந்த பென்டியம் எம், குறைந்த கிளாக் வேகத்திலேயே அதைவிடப் பல மடங்கு விளம்பரம் கண்ட பென்டியம் 4-களோடு மல்லுக்கட்டியது. அதுவும் கொஞ்ச மின்சாரத்தில். அந்தப் பரம்பரையில் 2006 ஜூலையில் கோர் 2 டியோ வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ், 65 வாட் கொண்ட ஈ6600, பெரும்பாலான சோதனைகளில் 3.73 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் எக்ஸ்ட்ரீம் எடிஷனைத் தோற்கடித்தது. கிளாக் மூன்றில் ஒரு பங்கு குறைந்து வேகம் கூடிய தலைமுறை மாற்றம் இது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இன்டெல்லும் பெயரிலிருந்து கிகாஹெர்ட்ஸை எடுத்துவிட்டு மாடல் எண்களுக்கு மாறியிருந்தது. ஏஎம்டி செய்தபோது எது ஏமாற்று வேலை போலத் தெரிந்ததோ, அதுவே துறையின் வழக்கமாகிவிட்டது.

ஐபிசி என்ற புது மந்திரம்

கிகாஹெர்ட்ஸின் இடத்துக்கு ஐபிசி வந்தது. இன்று ஒவ்வொரு அறிமுக நிகழ்ச்சியிலும் இந்த எண்தான் பெரிய எழுத்தில் வரும். 2017 மார்ச்சில் வந்த தன் முதல் ரைசன் பிராசசருக்கு, முந்தைய வடிவமைப்பைவிட 52 சதவீதம் அதிகம் என்றது ஏஎம்டி. ரைசனின் கோர் வடிவமைப்புக்குப் பெயர் ஜென் (Zen), தலைமுறையைக் குறிக்கும் ஜென் வேறு. ஜென் 2-க்கு 15, ஜென் 3-க்கு 19, ஜென் 4-க்கு 13, ஜென் 5-க்கு 16 சதவீதம்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐபிசி என்பது சிப்பின் நிலையான குணம் அல்ல. ஒரே பிராசசர் ஒரு புரோகிராமில் சுற்றுக்கு மூன்று நான்கு கட்டளைகளை முடிக்கும். நினைவகத்திலிருந்து தரவு வருவதற்காகக் காத்துக்கிடக்கும் இன்னொரு புரோகிராமில் ஒன்றைக்கூட முடிக்காது. ஆகவே 19 சதவீதம் என்பது நிறுவனம் தேர்ந்தெடுத்த புரோகிராம்களின் சராசரி. உங்கள் புரோகிராம் அதில் எங்கே நிற்கும் என்று அந்த எண் சொல்லாது. அந்த 52 சதவீதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு, அது எதிலிருந்து ஏறியது என்று பார்க்க வேண்டும். 2011-இல் ஏஎம்டி வெளியிட்ட புல்டோசர் வடிவமைப்பில் கோருக்குக் கோர் வேகம் அதற்கு முந்தைய ஃபெனாம் 2-ஐவிடக் குறைவாகவே இருந்தது. இரண்டு கோர்கள் சில உறுப்புகளைப் பகிர்ந்துகொண்டன. அவற்றை எட்டு கோர் என்று விற்றது சரியா என்று அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2019-இல் 1.21 கோடி டாலரில் சமரசம் ஆனது. ரைசன் பெரிய பாய்ச்சல்தான், மறுக்கவில்லை. பள்ளத்திலிருந்து எழும்பினால் பாய்ச்சல் இன்னும் உயரமாகத் தெரியும்.

அந்த ஆண்டுகளில் எதிராளி தடுமாறியதில் இன்டெல் நிதானமாக நடந்தது. 2011 ஜனவரியின் ஐ7-2600கே: நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைத் தொடர்கள்), உச்ச வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ். 2017 ஜனவரியின் ஐ7-7700கே: அதே நான்கு கோர், எட்டு த்ரெட், 4.5 கிகாஹெர்ட்ஸ். ஆறு ஆண்டில் கிளாக் ஐந்தில் ஒரு பங்குகூட ஏறவில்லை. ஐபிசி ஒவ்வொரு தலைமுறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. கடைசிப் படியில் அதுவும் இல்லை. ஆறாம் தலைமுறையையும் ஏழாம் தலைமுறையையும் ஒரே கிளாக்கில் ஓட்டினால் வித்தியாசமே தெரியாது. 10 நானோமீட்டர் தயாரிப்பு முறை இன்டெல்லுக்குத் தள்ளிக்கொண்டே போனது. டெஸ்க்டாப்பில் 2015 முதல் 2021-இன் தொடக்கம் வரை வந்த தலைமுறைகள் எல்லாம் 14 நானோமீட்டரிலேயே நின்றன.

‘ஆறு வருஷமா ஒண்ணுமே மாறலை’ என்று அப்போது பலர் எரிச்சல்பட்டார்கள். டெஸ்க்டாப்பை வைத்துப் பார்த்தால் நியாயம்தான். லேப்டாப்பில் கதை வேறு. புதிதாகக் கிடைத்த டிரான்சிஸ்டர்கள் கிராஃபிக்ஸுக்கும் மின்சேமிப்புக்கும் போய்க்கொண்டிருந்தன. 2013-இல் நான்காம் தலைமுறை ஹாஸ்வெல் சிப்போடு வந்த 13 அங்குல மேக்புக் ஏருக்கு ஆப்பிள் குறிப்பிட்ட பேட்டரி நேரம் 12 மணி. முந்தைய மாடலுக்கு 7 மணி. வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் சோதனைகளின் பட்டியலில் இது ஒரு வரியாகக்கூட வராது. ஆனால் அந்தப் பத்தாண்டில் சாதாரணப் பயனருக்குக் கிடைத்த பெரிய முன்னேற்றம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

2017-இல் ரைசன் வந்ததும் அளவுகோல் மறுபடி மாறியது, இந்த முறை கோர் எண்ணிக்கைக்கு. எட்டு கோர் ரைசன் 7 1800எக்ஸின் விலை 499 டாலர். இன்டெல்லின் எட்டு கோர் சிப் அப்போது ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெல் ஆறு கோர்களுக்குப் போனது, 2018-இல் எட்டு, 2020-இல் பத்து. பத்து ஆண்டு நடக்காதது மூன்று ஆண்டில் நடந்தது, போட்டி என்றால் இதுதான். 2020-இன் ஐ3-10100-ஐயும் 2017-இன் ஐ7-7700-ஐயும் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் தெளிவாகும்: இரண்டிலும் நான்கு கோர், எட்டு த்ரெட், 3.6 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம். கேஷில் கொஞ்சம் வித்தியாசம், மற்றபடி இரட்டைப் பிள்ளைகள். விலையில் முன்னது பின்னதின் பாதிகூட இல்லை. ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்த ஆண்டின் விலைப்படிக்கு வைத்த பெயர். அதைத் தலைமுறை கடந்து ஒப்பிடவே கூடாது.

கோர்களைக் கூட்டுவதற்கு ஒரு எல்லை இருக்கிறது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-இலேயே அதைச் சொல்லிவிட்டார். ஒரு வேலையில் 80 சதவீதத்தைப் பங்குபோட முடியும், 20 சதவீதத்தை ஒருவர்தான் வரிசையாகச் செய்ய வேண்டும் என்றால், ஆயிரம் கோர் கொடுத்தாலும் ஐந்து மடங்குக்கு மேல் வேகம் வராது. வீடியோ மாற்றம், முப்பரிமாணப் படம் தீட்டல் போன்றவற்றில் பங்குபோட முடியாத பகுதி மிகச் சிறியது. எக்செல் திறப்பது, இணையப் பக்கம் பார்ப்பது, பெரும்பாலான விளையாட்டுகள் எல்லாம் அப்படி இல்லை.

இந்த இழுபறியை 2021-இன் பதினொன்றாம் தலைமுறையில் நன்றாகப் பார்க்கலாம். ஐ9-11900கே-இல் கோர் புதிய வடிவமைப்பு, ஒரு கோரின் வேகம் கூடியிருந்தது. ஆனால் 14 நானோமீட்டரிலேயே செய்ததால் ஒவ்வொரு கோரும் இடத்தை அடைத்துக்கொண்டது. முந்தைய ஐ9-10900கே-இல் பத்து கோர், இதில் எட்டுதான். எல்லாக் கோர்களும் உழைக்கும் வேலைகளில் புதியது பழையதிடம் தோற்றது. ஒரே பெயர்வரிசை, ஒரு எண் கூடுதல், இரண்டு கோர் குறைவு.

அப்புறம் கேஷ். 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, அதே தலைமுறையின் 5800எக்ஸ் மேல் 64 மெகாபைட் கேஷை அடுக்கிச் செய்தது. மூன்றாம் நிலை கேஷ் 32-லிருந்து 96 மெகாபைட் ஆனது. உச்ச கிளாக் 4.7-லிருந்து 4.5-க்கு இறங்கியது. வீடியோ வேலையில் புதியது சற்றே பின்தங்கியது. விளையாட்டுகளிலோ பல நேரம் ஒரு முழுத் தலைமுறை தாண்டியதற்குச் சமமான முன்னேற்றம். தலைமுறை எண்ணோ ஐபிசி சதவீதமோ இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்காமல் இப்போது ஒப்பிடவே முடியாது. இன்டெல் ஐ9-9900கே-க்கு அறிவித்த அளவு 95 வாட். மூன்று ஆண்டு கழித்து வந்த ஐ9-12900கே-க்கு அடிப்படை 125, உச்சம் 241. அதற்கடுத்த 13900கே-க்கு உச்சம் 253. புதியது இத்தனை சதவீதம் வேகம் என்று வரும் வரைபடத்தில், வடிவமைப்பு எவ்வளவு, கூடுதல் மின்சாரம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். லேப்டாப்பில் இது இன்னும் மோசம். ஒரே பிராசசர் மெல்லிய உடலில் ஒரு வேகம், பெரிய விசிறி உள்ள உடலில் வேறு வேகம். குளிரூட்டிய அறையில் எடுத்த மதிப்பெண் சித்திரை மாத மதியத்தில் சென்னையில் வராது.

மதிப்பெண் போடுபவர்கள்

இதற்கெல்லாம் மருந்தாகத்தான் பெஞ்ச்மார்க் சோதனைகள் வந்தன. அவற்றுக்கும் ஒரு வியாதி உண்டு. எதை வைத்து அளக்கிறார்களோ அதற்கென்றே பயிற்சி எடுத்துவிடுவார்கள். 1984-இல் வந்த டிரைஸ்டோன் சிறிய சோதனை, அதில் பெரும்பகுதி வேலையே தேவையற்றது என்று கண்டுபிடித்து வெட்டிவிட கம்பைலர்கள் கற்றுக்கொண்டன. இதற்கு மாற்றாக 1988-இல் நிறுவனங்கள் சேர்ந்து ஸ்பெக் என்ற அமைப்பைத் தொடங்கின. உண்மையான புரோகிராம்களையே சோதனையாக வைத்தார்கள். முதல் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்று ஒன்று இருந்தது. நினைவகத்தைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தும் கம்பைலர் வந்ததும் அந்த ஒரு சோதனையின் மதிப்பெண் மட்டும் வானத்துக்கு எகிறியது, வன்பொருளில் எதையும் மாற்றாமலே. 1992 தொகுப்பில் அதை எடுத்துவிட்டார்கள்.

பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் இதே ஸ்பெக் அமைப்பு, இன்டெல் சர்வர் பிராசசர்களுக்கு வெளியிட்டிருந்த 2,600-க்கும் மேற்பட்ட முடிவுகளைச் செல்லாது என்று குறித்தது. இன்டெல்லின் கம்பைலரில் ஒரு குறிப்பிட்ட சோதனை நிரலுக்காகவே எழுதிய மேம்பாடு இருந்தது, வேறு புரோகிராம்களுக்கு அதனால் பயனில்லை என்பது காரணம்.

சராசரி எடுப்பதிலும் வித்தை இருக்கிறது. நான்கு சோதனைகளில் மூன்றில் புதிய பிராசசர் பழையதற்குச் சமம், நான்காவதில் மட்டும் ஐந்து மடங்கு என்று வைப்போம். கூட்டி நான்கால் வகுத்தால் ‘சராசரியாக இரண்டு மடங்கு வேகம்’. ஸ்பெக் செய்வதுபோல நான்கையும் பெருக்கி நான்காம் படிமூலம் எடுத்தால் சுமார் ஒன்றரை மடங்கு. உங்கள் வேலை அந்த நான்காவது சோதனையைப் போல இல்லையென்றால் உங்களுக்குக் கிடைப்பது பூஜ்யம். புதிதாகச் சேர்த்த விசேஷக் கட்டளைகளை ஒரு சோதனை மட்டும் பயன்படுத்தும்போது இப்படித்தான் நடக்கும். எனவே மொத்த மதிப்பெண்ணைவிட, உங்கள் வேலைக்கு நெருக்கமான ஒற்றைச் சோதனையைப் பார்ப்பதே மேல்.

ஒரே சோதனையின் பதிப்புகளுக்குள்ளும் சிக்கல் உண்டு: சினிபெஞ்ச் என்ற சோதனையின் ஆர்15, ஆர்20, ஆர்23, 2024 பதிப்புகளின் மதிப்பெண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடாது. கீக்பெஞ்ச் என்ற இன்னொரு சோதனையின் 5-க்கும் 6-க்கும் அதே கதை. 2023-இல் வந்த கீக்பெஞ்ச் 6, பல கோர் சோதனையில் கோர்களுக்குத் தனித்தனி வேலை கொடுப்பதை விட்டுவிட்டு, பெரும்பாலும் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யவைக்கிறது. நிறைய கோர் உள்ள சிப்களின் மதிப்பெண் இதில் முன்போல ஏறாது. பழைய பிராசசரின் மதிப்பெண்கூட அப்படியே நிற்பதில்லை. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்து, அவற்றை அடைத்தபோது சில வேலைகளில் வேகம் குறைந்தது. ஹாஸ்வெல்லும் அதற்கு முந்தையவையும் கூடுதலாகப் பாதிக்கப்படும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. 2014-இல் எழுதிய ஒரு ஹாஸ்வெல் விமர்சனத்தின் எண்ணை இன்றைய சிப்போடு ஒப்பிட்டால், இன்று யாரும் அப்படி ஓட்டாத ஒரு கணினியோடு ஒப்பிடுகிறோம்.

பெயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்டெல்லின் பத்தாம் தலைமுறை லேப்டாப் சிப்களில் இரண்டு வகை உண்டு. ஐ7-1065ஜி7 என்பது 10 நானோமீட்டரில் செய்த புதிய வடிவமைப்பு. ஐ7-10510யூ என்பது 14 நானோமீட்டரில் 2015-இன் கோர் வடிவமைப்பு. இரண்டும் ‘டென்த் ஜென்’. ஏஎம்டியின் 2023 லேப்டாப் வரிசையில் எல்லாமே 7000-த்தில் தொடங்கும். ஆனால் 7520யூ-இல் இருப்பது 2019-இன் ஜென் 2 கோர், 7730யூ-இல் ஜென் 3, 7840யூ-இல் ஜென் 4. மூன்றாவது இலக்கத்தைப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம் என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. வாங்குபவர் எத்தனை பேர் மூன்றாவது இலக்கத்தைப் பார்ப்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

2024 அக்டோபரில் இன்டெல் தலைமுறை எண்ணையே விட்டுவிட்டு டெஸ்க்டாப்புக்கும் கோர் அல்ட்ரா என்று பெயர் மாற்றியது. கோர் அல்ட்ரா 9 285கே, முந்தைய ஐ9-14900கே-ஐவிடக் குறைந்த மின்சாரத்தில் கனமான வேலைகளை முடித்தது. விளையாட்டுகளில் பல நேரம் அதனிடமே தோற்றது. இதில் எது முன்னேற்றம் என்பது மின்கட்டணம் கட்டுபவரையும் விளையாடுபவரையும் பொறுத்தது.

ஆனால் பழைய கணினி வாங்குபவருக்கு இப்போது வேகத்தைவிடப் பெரிய கோடு ஒன்று இருக்கிறது, அதை வரைந்தது மைக்ரோசாஃப்ட். 2021-இல் வந்த விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்தும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் அதிகாரபூர்வமாக ஆதரிக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்பும் நம்பகத்தன்மையும் காரணம் என்கிறார்கள், இருக்கலாம். எப்படியானாலும் அந்தப் பட்டியலில் இரண்டு கோர், 6 வாட், 1.1 கிகாஹெர்ட்ஸில் தொடங்கும் செலரான் என்4020-க்கு இடம் உண்டு. அதைவிடப் பல மடங்கு வேகமான ஐ7-7700கே-க்கு இல்லை.